டேங்கில் எவ்வளவு?

ஜூலை 3, வெள்ளி

முதலில் ஒரு நேர்மையான அறிவிப்பு. இந்த டைரியை ஓர் எண்ணெய் நிறுவனம் கஸ்பார் மாமாவின் பெட்ரோல் பங்க்குக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தது. ஆறு மாதம் அவர் மேசையில் சும்மா கிடந்ததை நான் மீட்டு வந்தேன். (சுட்டு வந்தேன் என்பது மாமாவின் தரப்பு.) ஆகவே இதில் போரைப் பற்றி நான் என்ன எழுதினாலும் தாள் எண்ணெய்க்காரர்களுடையது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவும்.

ஆமாம், போர். வளைகுடாவில் நேற்று தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டில் இன்று காலை. எழுந்து குளி என்றாள் அம்மா, ஐந்து நிமிடம் என்றேன் நான். பேச்சுவார்த்தை முறிந்து, தலையில் ஒரு செம்புத் தண்ணீர் விழுந்தது.

அப்பா அந்தப் பக்கம்தான் இருக்கிறார். ‘கோல்டன் ஹெரான்’ என்ற எண்ணெய்க் கப்பலில் பம்ப்மேன். கப்பல் வயிற்றில் எண்ணெயை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. அம்மாவின் அண்ணன் கஸ்பார் மாமா தூத்துக்குடித் தரையில் ஊற்றுகிறார், அப்பா கடலில் ஊற்றுகிறார். இத்தனை எண்ணெய் புழங்கும் குடும்பத்தில் என் தலை மட்டும் எப்போதும் வறட்சி என்பது அம்மாவின் வருத்தம்.

ஹெரான் என்றால் நாரையாம். நாரை இப்போது வளைகுடாவின் வாசலான ஜலசந்திக்கு வெளியே, புஜைரா துறைமுகத்துப் பக்கம், நங்கூரம் போட்டு ஒற்றைக் காலில் நிற்கிறது. கப்பல்களைக் காட்டும் ஆப் ஒன்று என் போனில் இருக்கிறது. அதில் நாரை ஒரு சிவப்பு அம்பு. பயப்பட ஒன்றுமில்லை. ஒருநாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

இன்று ஒன்பது தடவை பார்த்தேன். நெட் ஒழுங்காக வருகிறதா என்று சோதிக்க.

ஜூலை 5, ஞாயிறு

பூசை முடிந்து கஸ்பார் மாமா சாப்பிட வந்தார். சீலாமீன் குழம்பு. முதல் துண்டில் குடும்ப நலம், இரண்டாவது துண்டில் ஊர் நலம், மூன்றாவதில் உலக நலத்துக்கு வந்துவிட்டார்.

போர் தேவைதானாம். பேசிப் பார்த்தாயிற்றாம், கேட்கவில்லையாம். “சில நேரம் ரெண்டு சாத்து சாத்தினாத்தான்ட்டி உலகம் உருப்படும்” என்றார் என்னிடம், முள்ளைத் துப்பிவிட்டு.

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. அவருக்கு நான்காவது துண்டும் வரவில்லை.

ஜூலை 8, புதன்

மாபெரும் அறிவியல் கண்டுபிடிப்பு. நோபல் குழு கவனிக்கவும்.

பள்ளி விட்டு வரும்போது பங்க்குக்குள் நுழைந்தேன். ஞாயிற்றுக்கிழமை உலகத்தைச் சாத்தச் சொன்ன அதே மாமா, வந்தவர் போனவரிடமெல்லாம் போர் என்பது மனிதகுலத்தின் சாபம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காந்திக்குக் கண்ணாடி இருந்தது, மாமாவுக்கு இல்லை. மற்றபடி வித்தியாசம் தெரியவில்லை.

காரணத்தைத் தேடியபோது சுவரோரம் சாத்தியிருந்த டிப் ராடு கண்ணில் பட்டது. அது ஆளுயரத்துக்கும் மேலான பித்தளைக் கோல். மாமா தினமும் காலையில் அதைத் தரைக்கடியில் இருக்கும் டேங்குக்குள் இறக்கி எடுப்பார். எதுவரை நனைந்திருக்கிறதோ அவ்வளவு சரக்கு. ஞாயிறன்று டேங்க் தளும்பியது. விலை ஏறப்போகிறது, பழைய சரக்கைப் புது விலைக்கு விற்கலாம். அதனால் போர் தேவை. நேற்றிலிருந்து லோடு லாரி வரவில்லை, கோலின் அடிநுனிதான் நனைகிறது. அதனால் போர் சாபம். மாமாவின் கொள்கை கொள்ளளவைப் பொறுத்தது.

கண்டுபிடிப்பு என்றால் சோதனை வேண்டும். பின்பக்கம் போய், குரலைக் கட்டையாக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மாமாவுக்குப் போன் போட்டேன். டிப்போவிலிருந்து பேசுகிறேன், உங்கள் லோடு கிளம்பிவிட்டது என்றேன். நான் முன்பக்கம் சுற்றி வருவதற்குள், ஒரேயடியாகச் சண்டையை நிறுத்தினாலும் பயந்துட்டான்னு நெனைப்பானுவல்லா என்று ஒரு ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சோதனை வெற்றி. விஞ்ஞானி மாட்டிக்கொண்டாள், போனில் என் நம்பர் தெரியும் என்பதை மறந்துவிட்டேன். தண்டனை, வருகிற ஞாயிறு பங்க்குக்கு நான்தான் துடைப்பம்.

ஜூலை 9, வியாழன்

சகாயமேரி மிஸ்ஸின் வகுப்பில் பொதுவாகப் போர் ஓயாது. இன்று அதைத் தலைப்பாகவே வைத்துவிட்டார். அடுத்த வெள்ளி தமிழ் மன்றப் பட்டிமன்றம்: ‘போரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் கொள்கையாலா, எண்ணெயாலா?’ எண்ணெய் அணிக்கு நான் தலைவி. கொள்கை அணிக்கு இசக்கிராஜ். அவன் அப்பா பொன்சிங் அண்ணாச்சி எங்கள் தெருமுனையில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கடை வைத்திருக்கிறார்.

தகவல் திரட்ட மாலையில் அந்தக் கடைக்கே போனேன். போன மாதம் வரை அண்ணாச்சி ஈயோடு பேசிக்கொண்டிருப்பார், இன்று ஈக்கு நிற்க இடமில்லை. போரைப் பற்றிக் கேட்டேன். சமாதானம் வரத்தான் வேணும் பாப்பா என்றார் உருக்கமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா அவசரப்பட்டு வந்துரக் கூடாது. நிதானமா வந்தாத்தான் நிலைக்கும்” என்றார். தீபாவளி முடிந்து வந்தால் அவருக்குச் சம்மதமாம்.

வழியில் லாரிக்காரர்களின் சமாதானப் பேரணி. பேனரில் முதல் வரி ‘போரை நிறுத்து’. இரண்டாவது வரி ‘டீசல் விலையைக் குறை’. இரண்டாவது வரியின் எழுத்து முதல் வரியைப் போல மூன்று மடங்கு.

என் அணி தோற்க வழியே இல்லை.

கடையில் வெள்ளை நிறத்தில் ஒரு வண்டி நிற்கிறது. சும்மா தொட்டுப் பார்த்தேன். ஏறியும் பார்த்தேன். ஹாரன் கொஞ்சம் பூனைக்குரல், மற்றபடி குறையில்லை.

ஜூலை 10, வெள்ளி

அப்பா பேசினார். கப்பலில் வைஃபையும் ரேஷன்தான், ஆகையால் பாதி நேரம் ‘கேக்குதா’ என்பதிலேயே போய்விடும். செய்தி இதுதான்: எண்ணெய் ஏற்ற நாரை ஜலசந்திக்குள் போகப்போகிறது. உள்ளே போகிறவர்களுக்கு இரட்டைச் சம்பளம். விருப்பமில்லாதவர்கள் இறங்கி ஊருக்குப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நாளை சாப்பாட்டு ஹாலில் கேப்டன் எல்லாரையும் கூட்டி, வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்பாராம்.

அம்மா ‘ம்’ என்றாள். ‘ம்’ ‘ம்’ என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்தாள். பிறகு நேற்றுத்தான் துடைத்த அடுக்களையை மறுபடி துடைத்தாள். அலமாரியில் இருந்த டப்பாவையெல்லாம் இறக்கிக் கழுவினாள். இந்த வீட்டில் சுத்தம் ஒரு வியாதி.

நான் உடனே அப்பாவுக்கு என் வானொலிச் செய்தி அனுப்பினேன். வாரம் ஒன்று அனுப்புவது வழக்கம், செய்தி வாசிப்பாளர் குரலில்:

“வணக்கம். செய்திகள் வாசிப்பது டெல்சி ரொசாரியோ. போர் நீடூழி வாழ்க என்று தூத்துக்குடி இளைஞி ஒருவர் வாழ்த்துத் தெரிவித்துள்ளார். இரட்டைச் சம்பளம் என்பது இரு சக்கரத்தைக் குறிக்கும் என்று வல்லுநர்கள் கருதுகின்றனர். சக்கரங்கள் வெள்ளை வண்டியில் பொருத்தப்பட்டிருத்தல் நலம். செய்திகள் முடிவடைந்தன.”

கேட்டுச் சிரித்தே கப்பலைக் கவிழ்த்துவிடுவார்.

ஜூலை 12, ஞாயிறு

பங்க்கைப் பெருக்கினேன். ‘ஸ்டாக் இல்லை’ பலகையையும் துடைத்தேன். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அகிம்சையைப் பற்றிச் சொன்னார். துடைப்பத்தை வைத்துக்கொண்டு அகிம்சையைக் கேட்பது கஷ்டம்.

அப்பாவின் பதில் வந்தது. செய்தியைச் சாப்பாட்டு ஹாலில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாராம். தமிழ் தெரியாத பிலிப்பைன்ஸ்காரர்கள்கூடச் சிரித்தார்களாம். கடைசியில், “வண்டியப் பாத்து வச்சுக்கோ மக்கா” என்றார்.

இசக்கிராஜ் கடையில் இருந்தான். வெள்ளை வண்டியை என் பெயரில் நிறுத்தி வைக்கச் சொன்னேன். அப்பாவுக்கு இரட்டைச் சம்பளம் என்ற விவரத்தையும் பெருமையோடு சொன்னேன். எதிரணிக்காரனிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எனக்கு யாராவது வகுப்பு எடுக்கலாம்.

ஜூலை 14, செவ்வாய்

அம்மா இன்று தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். நான் ஓடவில்லை, பட்டிமன்றத்துக்குத் தலைவி தலைவியாகத் தெரியவேண்டும். பின்னால் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

“உங்கப்பா எறங்கிருவோம்னுதான் நெனைச்சிருக்காவ. ஒன் செய்தியக் கேட்டுட்டுதான் கையத் தூக்குனாவளாம்.”

எனக்கு ஒன்றுமில்லை. ராத்திரி சாப்பிடாததற்குக் காரணம் தோசை.

ஜூலை 15, புதன்

தோசை இல்லை, இட்லி. அதுவும் காரணம்தான்.

ஜூலை 16, வியாழன்

இன்று அறிவியல் பாட நேரத்தில் சாக்பீஸ் டப்பாவில் தவளை வைக்க நல்ல வாய்ப்பு இருந்தது. வைக்கவில்லை. தவளையும் என்னை ஒரு மாதிரி பார்த்தது.

அம்பு அங்கேயேதான் நிற்கிறது. ஞாயிறோ திங்களோ உள்ளே போகுமாம்.

ஜூலை 17, வெள்ளி

பட்டிமன்றம். முழுவதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் ஜெயித்தேன்.

மாமாவிடம் கெஞ்சி டிப் ராடை வாங்கி, இரண்டு பேர் பிடிக்க மேடைக்குக் கொண்டுபோனேன். நடுவர் சகாயமேரி மிஸ் பார்த்துவிட்டு, என்னை அடிக்கத்தானே என்றார். அரங்கம் அங்கேயே விழுந்துவிட்டது. கோலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பெயர் சொல்லாமல் ஒவ்வொருவராக அளந்தேன். டேங்க் நிறைந்தால் வீரர், வற்றினால் காந்தியவாதி என்று ஒரு மாமா. தீபாவளி கழித்துச் சமாதானம் கேட்கும் ஒரு அண்ணாச்சி. பேனரின் இரண்டாவது வரியில் வாழும் லாரிக்காரர்கள். பிறகு நாடுகளுக்கு வந்தேன். எண்ணெய் வாங்கும் நாடு சண்டை வேண்டாம் என்கிறது, வேறிடத்தில் எண்ணெய் விற்கும் நாடு சண்டை நியாயம் என்கிறது. டேங்க்தான் பெரிது, கோல் ஒன்றுதான். “கொள்கை என்ற சொல்லே ‘கொள்’ என்றுதான் தொடங்குகிறது நடுவர் அவர்களே” என்று முடித்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்து இசக்கிராஜ். கையில் குறிப்புச்சீட்டு இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டான். 

“நடுவர் அவர்களே, எதிரணித் தலைவி ஊர்ல எல்லார் டேங்குலயும் கோலை விட்டுப் பாத்துட்டாங்க. எங்கப்பா டேங்கையும் விடல. ஆனா அவங்க வீட்டு டேங்குல எவ்வளவுன்னு சொல்லவே இல்ல. சண்டை இருக்கற வரைக்கும் அவங்க அப்பாவுக்கு ரெட்டைச் சம்பளம். எங்க கடையில ஒரு வெள்ளை வண்டி அவங்க பேருல நிக்கி. அவங்க இந்தப் போரை ஆதரிக்காங்களா, எதிர்க்காங்களா?”

அரங்கம் ‘ஓ’ என்றது. எனக்குக் குறைந்தது ஐந்து பதில்கள் தோன்றின. எல்லாமே நல்ல பதில்கள், எல்லாமே சிரிப்பு வரும். வாய்தான் வேறொன்றைச் சொன்னது.

“நிறைஞ்சுதான் இருக்கு. நான்தான் ஊத்தச் சொன்னேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கோலைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மிஸ் மணியை அடிக்க மறந்துவிட்டார்.

தீர்ப்பு எங்களுக்குத்தான். கொள்கை அணித் தலைவரே எண்ணெய் அணிக்கு ஆகச் சிறந்த ஆதாரத்தைக் கொடுத்துவிட்டதாக மிஸ் சொன்னார். இசக்கிராஜ் ஜெயிக்க வைத்து நான் ஜெயித்தேன். பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

வெளியே வந்ததும் அவன், ஏதோ வேகத்துல சொல்லிட்டேன்ட்டி, மனசுல வச்சுக்காத என்றான். டிபன் பாக்ஸை அவனிடம் கொடுத்துவிட்டு, வெள்ளை வண்டியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சிறப்புச் செய்தி அனுப்பினேன்:

“வணக்கம். மறுப்புச் செய்தி. சென்ற வாரச் செய்தியில் பிழை நேர்ந்துவிட்டது. போரை வாழ்த்திய இளைஞி ஒரு மடச்சி என்று தெரியவந்துள்ளது. வெள்ளை வண்டியின் ஹாரன் பூனைக்குரலில் இருப்பதால் ஆர்டர் ரத்து. பம்ப்மேன் ஆன்றன் ரொசாரியோ தூக்கிய கையை இறக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். ரொம்ப நேரம் தூக்கினால் கை வலிக்கும். செய்திகள்”

‘முடிவடைந்தன’ என்பதற்குள் மூக்கு அடைத்துவிட்டது. தூசி. அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஜூலை 18, சனி

செய்திக்கு ஒரு டிக் மட்டும்.

ஜூலை 19, ஞாயிறு

ஒரே டிக். அம்பு நிற்கிறது. அம்மா இன்று அடுக்களையைத் துடைத்தாள், நான் ஹாலைத் துடைத்தேன். மாமா வந்து பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் விசேஷமா என்றார். டேங்க் எப்படி என்று கேட்டேன். லோடு பாதி வந்திருக்கிறதாம். போரைப் பற்றி அவர் கருத்தும் இப்போது பாதிப்பாதி.

ஜூலை 20, திங்கள்

இரண்டு டிக். நீலம்.

இயற்பியல் வகுப்பில் மேசைக்கடியில் பார்த்தேன். போன் பறிமுதல். மிஸ்டர் இயற்பியல் அவர்களே, என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் நான் பறிகொடுத்ததில்லை.

மாலையில் அம்மா வந்து போனை மீட்டாள். அப்பாவின் குரல் காத்திருந்தது.

“கேப்டன்ட்ட போய், கைய இறக்கிக்கிடுதேன் சார்னேன். ஏன்னாரு. எம்மவ மறுப்புச் செய்தி வாசிச்சுட்டா, இனிமே தூக்கி வச்சிருந்தா சட்டப்படி குத்தம்னேன். சிரிச்சுட்டாரு. எனக்குப் பதிலா நாளைக்கு வேற ஆளு ஏறுதாரு. மாதா கோவில் கொடியேத்தத்துக்கு வந்துருவேன் மக்கா.”

அம்மா அதை மூன்று தடவை கேட்டாள். பிறகு ராத்திரி சாப்பாட்டுக்குக் கடையில் பரோட்டா வாங்கச் சொன்னாள். அடுக்களைக்கு இன்று விடுமுறை.

ஜூலை 26, ஞாயிறு

பனிமய மாதா கோவிலில் கொடியேற்றம். அப்பா வந்துவிட்டார், மெலிந்து, கறுத்து, பை நிறையப் பேரீச்சம்பழத்தோடு. கொடி ஏறியதும் சமாதானப் புறாக்களைப் பறக்கவிட்டார்கள். ஒன்று மாமாவின் வெள்ளைச் சட்டைத் தோளில் தன் கருத்தைத் தெரிவித்துவிட்டுப் போனது. டேங்க் நிறைந்திருந்ததால் மாமா கோபப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒன்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“ஒங்களுக்குப் பதிலா யாருப்பா ஏறுனது?”

“நரசய்யான்னு காக்கிநாடாக்காரரு. பூட்ஸு கொண்டாரல. என் பூட்ஸையே கொடுத்தேன், அளவு கச்சிதமா இருந்துச்சு.”

“அவரு எதுக்குக் கையத் தூக்குனாராம்?”

அப்பா பேரீச்சம்பழக் கொட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். “கேக்கல மக்கா. கேட்டா சொல்லிருப்பாரு.”

ஜூலை 27, திங்கள்

நாரை உள்ளே போய்விட்டது. ஆப்பில் அம்பைக் காணவில்லை. சண்டை நடக்கிற இடத்தில் கப்பல்கள் தாங்கள் இருக்குமிடத்தைக் காட்டும் கருவியை அணைத்துவிடுவார்களாம். அப்பா சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஜூலை 29, புதன்

விஞ்ஞானி குழப்பத்தில் இருக்கிறாள்.

என் கண்டுபிடிப்பின்படி, அப்பா வீட்டுக்கு வந்ததும் போர் எனக்குப் போரடித்திருக்க வேண்டும். அப்பா நடுஹாலில் குறட்டை விடுகிறார். என் டேங்க் நிறைந்துவிட்டது. ஆப்பை அழித்திருக்கலாம், போனில் இடமும் இல்லை. பதிலாகத் தவளை வீடியோக்களை அழித்தேன்.

ஜூலை 31, வெள்ளி

அப்பா அடிக்கடி போனைப் பார்க்கிறார். கேட்டால் கிரிக்கெட் ஸ்கோர் என்கிறார். இன்று இந்தியாவுக்கு மேட்ச் இல்லை. நானும் பார்த்தேன். எங்கள் இருவர் போனிலும் ஒரே ஆப், ஒரே வெறும் கடல் நீலம்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மாமா மீன் சாப்பிட வந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார். சோற்றைப் பார்த்துச் சாப்பிடாமல் என்ன அதில் என்று போனை எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, ஒங்கப்பன் இந்தா ஒக்காந்து திங்கான். ஒனக்கு எந்தக் கப்பல் எங்க போனா என்ன?”

பட்டிமன்றத்தில் ஜெயித்த வாய் இது.  பூட்ஸ் நம்முடையது மாமா என்றேன். அவருக்குப் புரியவில்லை. அப்பா மட்டும் தட்டிலிருந்து தலை நிமிராமல் தன் மீன்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

ஆகஸ்ட் 5, புதன்

மாதா திருநாள். சப்பரம் வரும் வழியெல்லாம் கூட்டம். உப்பில் போட்ட மாங்காயை ஒரு கையிலும் போனை மறுகையிலும் வைத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் நின்றேன். மாமா சாலையின் அந்தப் பக்கம். இசக்கிராஜ் என் டிபன் பாக்ஸில் யாருக்கோ பொங்கல் கொண்டுபோனான்.

சப்பரம் தெருமுக்கில் திரும்பும்போது நீலத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பெரிதாக்கினேன். அம்பு. ஜலசந்திக்கு வெளியே, கிழக்கே பார்த்து, எண்ணெய் நிறைந்து கனமாக, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கோல்டன் ஹெரான்.

அப்பாவை முழங்கையால் இடித்தேன். அவர் ஏற்கெனவே தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் மாங்காயைப் பங்கு போட்டுத் தின்றோம். கொஞ்ச நேரத்தில் அவர் போன் அதிர்ந்தது. எனக்குத் தெரியாத தெலுங்கில் ஒரு குரல், பின்னால் கடல் காற்று. அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். பூட்ஸ் கடிக்கிறதாம், ஒரு அளவு சிறியதாம், அன்றைக்குச் சொல்லக் கூச்சப்பட்டாராம்.

கூட்டத்துக்கு மேலாக மாமா எனக்குக் கையசைத்து ஏதோ கத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

இன்று அவர் டேங்கில் எவ்வளவு இருந்தது என்று கேட்க மறந்துவிட்டேன்.